இருபதாவது உறை

மஞ்சளைத் தண்ணியாகக் கரைத்துவிட்டாள். உறையின் மூலைக்கு ஒரு பொட்டு போதும், காய்ந்த பிறகு கடுகளவு தெரிந்தால் போதும், வந்திருப்பது நல்ல சேதிதான் என்று வாங்குகிறவனுக்குத் தெரிய அதற்கு மேல் வேண்டியதில்லை, ஆனால் ராமுத்தாய் கிண்ணத்தில் விரலை முக்கி முக்கி வைக்கிற வேகத்தில் மஞ்சள் மூலையில் நிற்காமல் முகவரிப் பக்கம் ஓடப் பார்க்கிறது. சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கும் தெரியும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் என் பெண்டாட்டியிடம் நான் சொல்ல நினைத்து விழுங்கியதை எண்ணியிருந்தால் அது ஒரு நோட்டுக்கு வரும். ஓடுகிற மஞ்சளைத் துண்டு நுனியால் ஒற்றி எடுத்து பொங்கல் வாழ்த்து உறைகளை ஒவ்வொன்றாகப் பாயில் பரப்புகிறேன், வரிசைக்கு ஐந்து, எட்டு வரிசை, மிச்சம் மூன்று, ஆக நாற்பத்து மூன்று. காலையிலிருந்து நாலு தடவை எண்ணியாகிவிட்டது, நாலு தடவையும் நாற்பத்து மூன்றுதான். மில்லில் பேக்கிங் பகுதியில் இருபத்தெட்டு வருஷம் நூல் கோன்களை எண்ணிச் சாக்கில் அடுக்கியவனுக்கு எண்ணிக்கையில் சந்தேகம் வருவதில்லை. சந்தேகம் வேறு எங்கோ இருக்கும்போதுதான் கை திரும்பத் திரும்ப எண்ணுகிறது. பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாள். இன்று மூன்றரை மணிக்குத் தபால் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே கிடந்தால் மதுரை, கோயம்புத்தூர், சென்னை எல்லாம் போகிக்குள் போய்ச் சேரும், நாளைக்குப் போட்டால் சொல்ல முடியாது. ஆகவே இன்றுதான். இந்த நாற்பத்து மூன்றும் பெட்டிக்குள் விழுந்தால், சீனிராசு எனக்குத் தம்பி இல்லை என்று நாற்பத்து மூன்று வீட்டுக்கும் நானே எழுதிப் போட்ட மாதிரி. அவன் செத்து இன்றைக்கு முப்பத்தேழு நாள்.

கூடப்பிறந்தவன் செத்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. எங்களில் அதற்கு விலக்கே இல்லை. வாசலில் பானை ஏறாது, சுவரில் சுண்ணாம்பு ஏறாது, யாருக்கும் வாழ்த்துப் போகாது, விஷயம் தெரிந்தவர்கள் நமக்கும் அனுப்ப மாட்டார்கள். முன்வாசல் அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கயிறு கட்டி வருகிற வாழ்த்துகளைத் தொங்கவிடுவோமே, அந்தக் கயிறு அந்த வருஷம் வெறும் கயிறாகக் கூட இருக்காது. அப்படி இருக்கும்போது ஒருத்தன் வாழ்த்து அனுப்புகிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ராமுத்தாய் அந்த அர்த்தத்தோடுதான் மஞ்சள் வைக்கிறாள், அழுத்தி வைக்கிறாள். அட்டையை என் மகன் ரவிக்கண்ணன் ஐப்பசியிலேயே அச்சுக்குக் கொடுத்துவிட்டான், அப்போது சீனிராசு உயிரோடு இருந்தான். மகனுக்குக் கல்யாணமாகி இது தலைப்பொங்கல், கடையில் விற்கிற அட்டை வேண்டாம், நம் வீட்டுப் பேரோடு தனியாக அடிப்போம் என்றான். இரண்டு கரும்பு, நடுவில் பானை, பானைக்கு மேல் பாதிச் சூரியன், அடியில் பெயர்கள். ச. கொண்டல்சாமி என்று முதலில் நான், பிறகு அவன் அம்மா, பிறகு அவன், பிறகு மருமகள் வாசுகி. மாதிரித் தாளை என் கையில் கொடுத்து, நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா அப்புறம் தப்பே இருக்காதுப்பா என்று அவன் சொன்னபோது தாளைப் பிடித்த விரல்கள் வேர்த்துவிட்டன, நாலு பேரும் இருக்கிறோமா என்று ஏழெட்டுத் தடவை பார்த்தேன், நாலு பேரை எண்ண எத்தனை தடவை வேண்டும், அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

நேற்று இரவுச் சாப்பாட்டில், இந்த வருஷம் அனுப்ப வேண்டாமே என்று ரசத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ரசத்துக்கு மட்டும்தான் கேட்டிருக்கும் என்று நினைத்தேன், ராமுத்தாய்க்குக் கேட்டுவிட்டது. கரண்டியை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். சொந்த அண்ணன் பேரைக் கல்யாணப் பத்திரிகையில் போட மறந்த ஆள் செத்ததற்கு நாம் பொங்கலை மறக்க வேண்டுமாக்கும் என்றாள், எண்ணூறு பத்திரிகை ஊர் ஊராகப் போயிற்றே, ஒன்றிலாவது உங்கள் பேர் இருந்ததா, தண்ணீர் ஊற்ற வந்த சமையல்காரன் பேர்தான் பாக்கி என்றாள். ரவிக்கண்ணன் தலை நிமிராமல், பேரே இல்லாத எடத்துல நமக்கு என்னப்பா தீட்டு என்றான். என் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறான். எனக்காகத்தான் இரண்டு பேரும் பதினொரு வருஷமாக அந்தக் கோபத்தை அணையவிடாமல் வைத்திருக்கிறார்கள், நான் கேட்காமலே. வாசுகிக்கு இது தலைப்பொங்கல். அவள் அப்பா சீர் கொண்டுவரப் போகிறார், வெண்கலப் பானைகூட வாங்கியாகிவிட்டதாம். மாமா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்றாள், நான் போதும் என்று கையைக் காட்டினேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பெண் என்ன தப்புச் செய்தது. என்ன தப்பு, யார் தப்பு, மனசு இங்கே வந்து நின்றுவிடும், ஒவ்வொரு தடவையும் இங்கேதான் வந்து நிற்கும், நூல் சுற்றுகிற கோனில் ஓர் இடத்தில் முடிச்சு விழுந்தால் மேலே எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அந்த இடம் தடவினால் தெரியுமே அந்த மாதிரி.

ஏனென்றால் அந்தப் பத்திரிகையை நான் பார்த்தேன். அச்சேறுவதற்கு முன்னால் பார்த்தேன். இது ராமுத்தாய்க்குத் தெரியாது, மகனுக்குத் தெரியாது, எனக்கும் சீனிராசுக்கும் அச்சகத்தில் வேலை பார்த்த ஒரு ஆளுக்கும் தெரியும், அந்த ஆள் முகம் மறந்துவிட்டது. சீனிராசு இருந்தது சங்கரன்கோவிலில், ஆனால் மகள் பூங்கொடி கல்யாணத்துக்குப் பத்திரிகையை எங்கள் ஊரில்தான் கொடுத்திருந்தான், ராஜபாளையத்தில் எழுத்து நன்றாக விழும் என்று அவனுக்கு எண்ணம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மில் வாசலுக்கு அச்சகத்து ஆள் சைக்கிளில் வந்து தாளை நீட்டினான், கூடவே தம்பி கையெழுத்தில் ஒரு துண்டு. அண்ணே, நீங்க ஒரு தடவை பார்த்துச் சரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க, உங்க கண்ணு பட்டா எனக்குத் தெம்பு. வேப்ப மரத்தடியில் நின்று பார்த்தேன். மாப்பிள்ளை படிப்பில் ஒரு புள்ளி விட்டிருந்தது, போட்டேன். முகூர்த்தம் ஆறு முதல் ஏழரை, ஏழரைக்குப் பதில் ஒன்பது என்று போட்டிருந்தார்கள், அடித்துத் திருத்தினேன். நல்வரவை விரும்புகிறவர்கள் பெயர்களை எண்ணினேன், இருபத்தாறு. மறுபடியும் எண்ணினேன். மாமன்மார், சித்தப்பா பிள்ளைகள், கொழும்பில் இருக்கிற யாரோ, இருபத்தாறு பேர், அதில் நான் இல்லை. முதலில் இருக்க வேண்டியவன், அப்பா செத்த பிறகு அவர் இடத்தில் இருக்க வேண்டியவன், இல்லை. எழுதும்போது அவன் விட்டானா, அச்சுக் கோத்தவர் விட்டாரா, இன்றுவரை தெரியாது. பேனா கையில் இருந்தது. ஓரத்தில் இடம் இருந்தது. என் பேரைச் சேர்க்கவும் என்று என் கையாலேயே எப்படி எழுதுவது. வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் மெதுவாக வேறு ஒன்றாக ஆயிற்று, வேண்டுமென்றே விட்டிருப்பானோ, விட்டுவிட்டு எனக்கே அனுப்பிப் பார்க்கிறானோ, அப்படி என்றால் நான் கேட்டு வாங்குவதா, அவனுக்கே தெரியட்டும், அவனே வந்து ஐயோ அண்ணே என்று சொல்லட்டும். சங்கு ஊதிவிட்டது. அச்சகத்து ஆள் சைக்கிள் பெடலில் காலை வைத்துக்கொண்டு நின்றான். பார்த்தேன், சரி, ச. கொண்டல்சாமி என்று போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளில் என் பேர் இருந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

மஞ்சள் காய்ந்துவிட்டது. துணிப்பையில் அடுக்குகிறேன், தூரத்து ஊர்கள் மேலே, பக்கத்து ஊர்கள் கீழே, தபால் நிலையத்தில் பிரிக்கிறவர்களுக்கு அது ஓர் உதவி என்று நான் நினைத்துக்கொள்கிறேன், அவர்கள் எல்லாவற்றையும் கலந்து கொட்டுவார்கள் என்றும் தெரியும். எல்லா உறையும் ஒட்டாமல் மடித்தது, செலவு குறைந்த புக் போஸ்ட். அதில் கையால் ஐந்து வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாது என்று எப்போதோ யாரோ சொன்னார்கள், அது மெய்யோ பொய்யோ, எனக்கு அந்தக் கணக்குப் பிடித்துப்போயிற்று. நாங்கள் அனைவரும் நலம், நலமறிய ஆவல். கூட்டிப் பார்த்தால் ஐந்துதான். வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்துச் சொச்சம் பேரிடம் நான் பேசுவது அவ்வளவுதான், கல்யாண வீட்டில் பார்த்தால் அவர்களிடம் அந்த ஐந்தும்கூட வராது, சாப்பிட்டீகளா என்று கேட்டுவிட்டுப் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ராமுத்தாய் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் போகிறாள். வெளக்குமாத்து ஈர்க்கில் கட்டின மட்டையால் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். பாதிச் சுவர் வெளுத்துவிட்டது. மூன்றரைக்குள்ள போயிருங்க என்கிறாள் திரும்பாமல், வழியில எவனையாவது பாத்து நின்னுறாதீக. நான் எவனைப் பார்த்து நின்றிருக்கிறேன். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்குகிறேன், மணி ஒன்று இருபது.

வெயில் மார்கழி வெயில், முதுகில் ஏறாது, முகத்தில்தான். கரும்பு வந்து இறங்கியிருக்கிறது, கட்டுக்கட்டாகச் சாத்தியிருக்கிறார்கள், ஒரு கட்டுக்குப் பதினைந்து என்பார்கள், எண்ணினால் பதினாலுதான் இருக்கும். நடக்க நடக்கத் தட்டுதான் கண்ணில் நிற்கிறது. பழமும் வெற்றிலையும் மேலே பத்திரிகையும் வைத்த தாம்பூலத் தட்டு, அதைப் பிடித்துக்கொண்டு சீனிராசுவும் அவன் பெண்டாட்டி கனகமும் எங்கள் வாசலில் நின்ற மத்தியானம். அப்போது ரவிக்கண்ணன் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம், பத்திரிகையைச் சத்தமாகப் படித்துக்காட்டினான், படித்து முடித்து, அப்பா பேரு எங்கம்மா என்றான். அந்தக் கேள்வியில் வீடு நின்றுபோயிற்று. ராமுத்தாய் பத்திரிகையைப் பிடுங்கி மகனிடமே திருப்பிக் கொடுத்து மறுபடி படி என்றாள், மறுபடி படித்தான். சீனிராசு முகத்தில் ரத்தமே இல்லை. அவன் அன்றைக்குத்தான் பார்க்கிறான், அச்சான பிறகு பிரித்துப் படிக்கவே இல்லை, அண்ணன் பார்த்தாயிற்று என்ற தெம்பில் எண்ணூறையும் கட்டிக்கொண்டு போயிருக்கிறான். என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. வாய் திறந்தது, அண்ணே நீங்கதானே என்று வரப்போகிறது என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன், வரட்டும், வந்தால் நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன், அவன் கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் நின்றேன். அவன் என் முகத்தில் என்ன பார்த்தானோ. திரும்பி ராமுத்தாயிடம், "தப்பு எம்மேலதான் மதினி. நான்தான் கவனிக்கல" என்றான்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் அவன்மேல் விழுந்தது, கனகத்தின்மேல் விழுந்தது, தட்டைத் தொடாமல் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள், போனார்கள். கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் சொல்லியிருந்தால் அது மறதி, ஒரு மாதத்தில் சொல்லியிருந்தால் அது தப்பு, ஒரு வருஷம் ஆன பிறகு அதற்கு நான் பேர் கண்டுபிடிக்கவில்லை. அவன் பதினொரு வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை. கனகத்திடம் சொல்லியிருப்பானா. சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள், அவள் வாய் அப்படி. சொல்லவில்லை. சாகும்போதுகூடச் சொல்லவில்லை, அல்லது சாகும்போது சொன்னானா, எனக்கு யார் சொல்வார்கள். கார்த்திகை பதினேழாம் தேதி காலையில் துக்கம் சொல்ல ஆள் வந்தான். நான் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ராமுத்தாய் வாசலில் நின்று, பேரை விட்டவங்க வீட்டுக்கு நாங்க யாரு, ஆள் மாறி வந்துட்டீரு போலருக்கு என்று சொன்னது கொல்லை வரைக்கும் கேட்டது. தகவல் சொல்ல வந்தவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும், எதிரி வீடானாலும் கொடுப்பார்கள். அவன் செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் போவதைக் கேட்டுக்கொண்டு வாயில் நுரையோடு நின்றேன். பிறகு கொப்பளித்தேன். பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டேன், நாலு. அவனை எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று தெரியாது.

தபால் நிலையத்துச் சிவப்புப் பெட்டி வாசல் படிக்கு இடது பக்கம் நிற்கிறது. மொத்தமாகப் போட்டால் வாயில் சிக்கும், மூலை மடங்கும், ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். சென்னை, ஒன்று. சென்னை, இரண்டு. விழுகிற சத்தம் முதலில் தகரத்தில் விழுகிற சத்தம், பிறகு தாளில் தாள் விழுகிற சத்தம், பிறகு சத்தமே இல்லை. கோயம்புத்தூர் மூன்று பேர். என்னோடு பேக்கிங்கில் இருந்து இப்போது திருப்பூரில் இருப்பவர், எட்டு. கை வேலை செய்கிறது, வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது, அது மில்லில் பழகின பழக்கம், மனசை வாசலில் விட்டுவிட்டுக் கையை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போவது. மதுரை, பதிமூன்று, பதினாலு. விருதுநகர். திருநெல்வேலி. பதினெட்டு, பத்தொன்பது. இருபதாவது உறையைப் பெட்டி வாயில் வைத்த பிறகுதான் முகவரியைப் படித்தேன், நானே எழுதின முகவரி. மாமன் மகன் வேலாண்டி, சங்கரன்கோவில். சீனிராசு வீட்டுக்கு நேர் எதிர் வீடு. வருஷா வருஷம் போகிற வாழ்த்துதான், பதினொரு வருஷமும் அந்தத் தெருவுக்குப் போயிற்று, எதிர் வீட்டுக்குப் போகவில்லை. இந்த வருஷமும் தபால்காரர் கனகம் வாசலைத் தாண்டித்தான் வருவார். வேலாண்டி மெதுவாகப் பேசத் தெரியாதவன், தெருவுக்கே கேட்கும், கொண்டல் அத்தான் வீட்ல இருந்து பொங்கல் வாழ்த்து வந்திருக்கு. எதிரே கனகம் அவன் படத்தை வைத்து விளக்கு ஏற்றியிருப்பாள். உறை பாதி உள்ளே, பாதி என் கையில். மூலையில் மஞ்சள். விடு என்றால் விரல் விடவில்லை, இழு என்றால் இழுக்கவும் இல்லை. எனக்குப் பின்னால் ஒருத்தர் கடிதத்தோடு நின்று, பெருசு, போடுறதுன்னா போடும், இல்லன்னா தள்ளும் என்றார். நான் உறையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றேன்.

பத்தொன்பது விழுந்துவிட்டது. இருபத்து நாலு பையில் இருக்கிறது. பத்தொன்பது வீட்டுக்கு அவன் தம்பி இல்லை, இருபத்து நாலு வீட்டுக்குத் தம்பி, இப்படி ஒரு கணக்கு எங்கேயும் கிடையாது. உள்ளே போனேன். கவுன்டரில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, ரவிக்கண்ணன் வயசு இருக்கும். பெட்டியில் போட்டதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவளுக்குக் கேட்டது. பெட்டியில் விழுந்தது எங்கள் கையில் இல்லை, எழுதிக் கொடுத்தால் போஸ்ட்மாஸ்டர் பார்ப்பார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, காரணம் போட்டு எழுத வேண்டும் என்று பொறுமையாகத்தான் சொன்னாள். காரணம் போட்டு. பத்தொன்பது தடவை. அப்படி எழுதுவதென்றால் அதை அந்தப் பத்தொன்பது பேருக்கே எழுதிவிடலாமே என்று தோன்றியபோது அது நான் நினைத்ததாகவே இல்லை, யாரோ பக்கத்தில் சொன்ன மாதிரி இருந்தது. இருபது கார்டு கொடும்மா என்றேன். ஏன் இருபது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பொங்கலுக்கா ஐயா என்று கேட்டாள், என் விரல் மஞ்சளைப் பார்த்துவிட்டு. இல்லை, துக்கம் சொல்ல என்றேன். அவள் எண்ணிக்கொண்டிருந்த கை நின்றது.

"யாருங்கய்யா?"

"தம்பி" என்றேன். "என் கூடப் பொறந்தவன்."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன், மணியார்டர் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் தரை தரையாகத்தான் இருந்தது, மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, இதற்கா பதினொரு வருஷம். பசை ஒட்டின சாய்வு மேசையில் நின்றபடியே எழுதினேன். என் தம்பி சீனிராசு கார்த்திகை 17 அன்று காலமானார். எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் இல்லை. இதோடு வரும் வாழ்த்து என்னுடைய தவறு, பொறுத்துக்கொள்ளவும். மூலைக்கு மூலை பேனா மையைத் தேய்த்துக் கறுப்பாக்கினேன். துக்கக் கார்டு என்றால் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டில் வைக்கக் கூடாது. ஆனால் வாழ்த்தும் இதுவும் ஒரே பையில் போகும், ஒரே தபால்காரர் ஒரே நேரத்தில் நீட்டுவார், மஞ்சள் மூலை ஒரு கையில், கறுப்பு மூலை ஒரு கையில், எதை முதலில் படிப்பார்கள், எதைக் கிழிப்பார்கள், கொண்டல்சாமிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள், சொல்லட்டும். ஏழாவது கார்டில் கை வலித்தது. பன்னிரண்டாவது கார்டில் காலமானார் என்பதற்குப் பதில் நலம் என்று கை தானாக எழுதிவிட்டது, பழக்கம், அடித்துவிட்டு மேலே எழுதினேன், அடித்தல் தெரிகிறது, வேறு கார்டில் எழுதலாம் என்றால் எண்ணிக்கை குறையும். தெரியட்டும். நான் எழுதினதில் போகிற முதல் அடித்தல். பத்தொன்பதும் முடித்தபோது மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம். அப்போதுதான் இருபதாவது எதற்கென்று தெரிந்தது. அதில் எங்கள் வீட்டு முகவரியை எழுதினேன். ராமுத்தாய்க்கு என்று போட்டு, சொல்ல வேண்டியதை நாலு வரியில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை, ஒரு நாளும் பிரிந்து இருந்ததில்லையே.

பத்தொன்பதைப் பெட்டியில் போட்டுவிட்டு இதை மட்டும் கொண்டுபோய் உள்ளூருக்கு எப்போது போகும் என்று அந்தப் பெண்ணிடம் காட்டினேன். நாளைக்குப் பதினொரு மணிக்குள் என்றாள். பிறகு முகவரியைப் பார்த்தாள், அனுப்புகிறவன் முகவரியைப் பார்த்தாள், இரண்டும் ஒன்று. இது உங்க வீடுதானேங்கய்யா, நேர்ல சொல்லிரலாமே என்றாள். நேர்ல வராதும்மா என்றேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். குரலைத் தணித்து, கார்டுன்னா கொண்டுவர்றவரும் படிப்பாரு, பக்கத்து வீடும் படிக்கும், வீட்ல அம்மா எத்தனையாவது ஆளா படிக்கணும் என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளின் உறைக்கு எடை போடப் போய்விட்டாள். முத்திரை விழாத கார்டு என் கையில் இருந்தது. நாளை பதினொரு மணி என்றால் நடுவில் ஒரு சாப்பாடு இருக்கிறது, ஒரு காப்பி இருக்கிறது, அந்த நேரமெல்லாம் போட்டாச்சா என்று ராமுத்தாய் கேட்பதும் நான் ஆமாம் என்பதும் இருக்கிறது. நடந்தேன். கரும்புக் கட்டை எண்ணவில்லை. தெருவில் எத்தனை பேர் எதிரே வந்தார்கள் என்று தெரியாது.

ராமுத்தாய் சுவரை முக்கால்வாசி முடித்திருந்தாள், முழங்கையில் சுண்ணாம்பு வழிந்தது. வாசுகி கீழே சிந்தினதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போட்டாச்சா என்றாள் ராமுத்தாய். நான் கார்டை நீட்டினேன். இது என்ன, யார் போட்டது என்று சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவள் இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், வாய்விட்டுத்தான் படிப்பாள். பூங்கொடி கல்யாணப் பத்திரிகை அச்சாகும் முன்பு என்னிடம் வந்தது. எழுத்து எழுத்தாக அவள் வாயிலிருந்து வந்தபோது அது எனக்கே வேறு யாரோ ஒருத்தன் கதை மாதிரி இருந்தது. என் பேர் இல்லாததைப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் ஒன்றும் போய்ச் சேரவில்லை, எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம், அடுத்த வரிக்கு விரலை வைத்தாள். சொல்லாமல் சரி என்று கையெழுத்துப் போட்டேன். கை, யெ, ழுத், து என்று நின்று, போட்டேன் என்று முடித்தாள். தம்பி மேல் தப்பு இல்லை. கொண்டல்சாமி. வாசுகியின் கை தரையில் அப்படியே நின்றது, அவளுக்கு முதலில் புரிந்துவிட்டது. ராமுத்தாய் மறுபடியும் முதல் வரிக்குப் போனாள். இந்தத் தடவை வாய் அசையவில்லை. கண் மட்டும் போயிற்று, வந்தது, போயிற்று. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை.

"தட்ட எடுத்துட்டுப் போங்கன்னு வாசல்ல நின்னு வெரட்டுனனே" என்றாள். "அப்ப நீங்க தூணுகிட்டதான நின்னீக."

"ஆமா" என்றேன்.

"துக்கம் சொல்ல வந்தவனுக்குத் தண்ணி குடுக்காம அனுப்புனேன்."

அதற்கும் ஆமாம்தான். அடிப்பாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அவள் முக்கால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசுகி பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, கொஞ்ச நேரம் பார்த்து, "ஆத்தா, இந்த வாளியக் கொண்டுபோய்க் கொல்லையில ஊத்திரு. ஒங்க அப்பாவுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றாள். வாசுகி கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கொல்லையில் சுண்ணாம்புத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. ராமுத்தாய் சங்கரன்கோவிலுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நாலே காலுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்றேன். நாலே காலுக்குப் போவோம் என்று முகம் கழுவத் தொட்டிப் பக்கம் போனவள் பாதியில் நின்று கார்டை இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள்.

"அங்க வந்து கனகத்துகிட்ட நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாள். "நீங்கதான் சொல்லணும். எழுதி நீட்டப்படாது."